பேயாகாமல் பேச முடியாதா?

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை. மெஸ் ஹாலில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டி, சீனியர் அண்ணன்கள் புரொஜெக்டரில் ‘சந்திரமுகி’ போட்டார்கள். வார்டன் சார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். “விசில் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாது.”

கேட்டது!

2005-ல் வந்த படம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம். வடிவேலு வரும்போதெல்லாம் ஹாலே உருண்டு சிரித்தது. பிறகு அந்தக் காட்சி வந்தது. கங்காவாக வரும் ஜோதிகா வெளியே கிளம்புகிறாள். கணவனாக வரும் பிரபு, இப்போது போக வேண்டாம் என்கிறார். ஏன் போகக் கூடாது என்று கேட்க ஆரம்பித்தவளுக்குக் குரல் மாறுகிறது, கண் மாறுகிறது, கடைசியில் கட்டிலையே தூக்கிவிடுகிறாள்.

விசில் பறந்தது. நான் மட்டும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று முகத்தைக் கழுவினால் கை நடுங்குகிறது. பின்னாடியே வந்த என் ரூம் நண்பன் அதைப் பார்த்துவிட்டான். “டேய், இவன் நிஜமாவே பயந்துட்டான்டா!” மறுநாள் காலை இட்லி வரிசையில் நிற்பதற்குள் எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது: முருகேசன். படத்தில் வடிவேலுவின் பேர்.

இன்றுவரை அந்தப் பேர்தான். ஃபிட்டிங் ஷாப்பில் நான் ஃபைலிங் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து சாவிக்கொத்தை ஆட்டிக் கொலுசுச் சத்தம் எழுப்புவது எங்கள் வகுப்பின் தேசியப் பொழுதுபோக்கு. நான் ஒருநாளும் மறுத்ததில்லை. உண்மையைச் சொல்வதைவிட, பேய்க்குப் பயந்தவன் என்று பேர் வாங்குவது எளிதாக இருந்தது.

இந்த மலரில் அந்த உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சினிமா பேசுவோம் நண்பர்களே!

* * *

பேய்ப்படத்தில் ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம். கவனித்திருக்கிறீர்களா?

ஆண் பயப்படக் கூடாது. பயந்தால் அவன் காமெடியன். வடிவேலு பயந்தால் சிரிப்பு. 2011-ல் வந்த ‘காஞ்சனா’வில் இருட்டைக் கண்டால் அம்மா பக்கத்தில் ஓடிப் பதுங்கும் ராகவா லாரன்ஸ் சிரிப்பு. அதே அளவு ஒரு பெண் பயந்தால் அது சிரிப்பில்லை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அலற வேண்டும், மயங்க வேண்டும், இல்லாவிட்டால் பேய் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்ணின் உடம்பு எந்தப் பேயும் கேட்காமல் நுழையக்கூடிய வாடகை வீடு!

பேய் என்றாலும் பெண்தான். தமிழ் சினிமாப் பேய்க்கு யூனிஃபாரம் உண்டு: வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, கொலுசு. 1966-ல் வந்த ‘யார் நீ’ படத்தில் ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டே வந்து நம் தாத்தாக்களைப் பயமுறுத்தினார். யோசித்துப் பார்த்தால் வெள்ளைப் புடவை நம் ஊரில் யாருக்குக் கொடுத்த உடை? புருஷனை இழந்தவளுக்கு. உயிரோடு இருக்கும்போது ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்த உடையையே, சினிமாவில் பேய்க்கும் மாட்டிவிட்டோம்.

அதற்கு அடுத்த வருடம், 1967-ல், ‘பட்டணத்தில் பூதம்’ வந்தது. ஜாவர் சீதாராமன் பூதம். ஆண் பூதம்! அது யாரையும் பிடிக்கவில்லை. கதாநாயகனுக்குத் தோழனாக இருந்து உதவி செய்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். 2007-ல் ‘முனி’ படத்தில் ராஜ்கிரண் பேய். அவர் அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொலையானவர். ஆண் பேய்க்கு ஊர் விவகாரம், நம்பிக்கைத் துரோகம் என்று காரணம் இருக்கும். பெண் பேய்க்கோ பெரும்பாலும் காதலன் கைவிட்டான், கணவன் கொன்றான், எவனோ கெடுத்தான். செத்த பிறகும் அவளுக்கு ஒரு ஆண்தான் கதை!

வெளிநாட்டிலும் இதே பாடுதான். 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வில் கொலைகாரன் ஆண். ஆனால் அவன் அம்மாவின் உடையைப் போட்டுக்கொண்டு கொல்கிறான், பழி செத்துப்போன அம்மாவுக்குப் போகிறது. 1973-ல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் பேய் நுழைவது 12 வயதுச் சிறுமிக்குள். ஓட்ட வருபவர்கள் இரண்டு பாதிரியார்கள். அமெரிக்கப் பேராசிரியை கரோல் குளோவர் இப்படிப்பட்ட படங்களை எல்லாம் அலசி 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரப் படங்களில் கடைசிவரை பிழைத்து நிற்கும் ஒருத்திக்கு அவர் ‘கடைசிப் பெண்’ என்று பேர் வைத்தார். அந்த ஒருத்தி யார் தெரியுமா? பெரும்பாலும் குடிக்காத, காதலன் பின்னால் போகாத, ‘அடக்கமான’ பெண். மற்றவள் எல்லாம் அதற்கு முன்பே காலி. ஆக, பேய்ப்படம் அங்கேயும் பெண்ணுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

* * *

மறுபடி சந்திரமுகிக்கு வருகிறேன்.

இந்தக் கதையின் மூலம் 1993-ல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படம். அதில் நடித்த ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. அது 2004-ல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’, 2005-ல் தமிழில் ‘சந்திரமுகி’, 2007-ல் இந்தியில் ‘பூல் புலையா’ ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. மலையாளப் படத்தில் பேயாகப் பேசப்படும் நடனக்காரி நாகவல்லி, தஞ்சாவூர்த் தமிழச்சி. கோபம் வந்தால் தமிழில் பேசுவாள். அதே கதை தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்குக்காரி சந்திரமுகி. இந்தியில் வங்காளி மஞ்சுளிகா. எந்த மொழிக்குப் போனாலும் பேய் மட்டும் அடுத்த மொழிக்காரி! கோபப்படும் பெண் நம்ம வீட்டுப் பெண்ணாக இருக்க முடியாது, எங்கிருந்தோ வந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள் போல.

ஆனால் சந்திரமுகி செய்த குற்றம் என்ன? குணசேகரனைக் காதலித்தாள். ராஜா வேட்டையன் அவன் தலையை வெட்டினான், அவளை உயிரோடு எரித்தான். எரித்தவன் ராஜா, எரிந்தவள் பேய்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தில் கங்காவுக்கு இருப்பது மனநோய் என்று கண்டுபிடித்து மருத்துவம் செய்பவர் ஒரு டாக்டர். கடைசியில் அவர் செய்வதும், அவள் கோபத்தை அடக்குவது இல்லை. வேட்டையன் என்று நம்பவைத்து ஒரு பொம்மையை அவள் கையாலேயே எரிக்கவிடுகிறார். கோபம் தீர்கிறது, கங்கா திரும்பி வருகிறாள்.

எங்கள் வீட்டுக்கு அப்படி எந்த டாக்டரும் வரவில்லை.

* * *

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன கிராமம். அப்பா சுமை தூக்குகிறவர். அம்மா பீடி சுற்றுகிறவள். எனக்கு மூன்று வயது மூத்தவள் அக்கா. பத்தாவதில் என்னைவிட நல்ல மார்க். ஆனால் அவள் பத்தாவது முடித்த அதே மாதம் மேற்கே ஒரு நூல் மில்லுக்கு அனுப்பிவிட்டோம். மூன்று வருட வேலை, மில்லுக்குள்ளேயே தங்கல், முடித்துவிட்டு வரும்போது கல்யாணத்துக்கு ஆகும்படி மொத்தமாக ஒரு தொகை. இதுதான் பேச்சு.

நான் பத்தாவது முடித்ததும் ஒரு வருடம் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தேன். ஏன்? அக்காவின் தொகை வரவேண்டும். வந்தது. சொன்னதைவிடக் குறைவாக வந்தது. பாதி அப்பாவின் கடனுக்குப் போனது. மீதி இந்தப் பாலிடெக்னிக்கில் என் அட்மிஷன், விடுதி முன்பணம், டிராயிங் போர்டு, காக்கி யூனிஃபாரம், ஷூ. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த கால் என்னுடையது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலில் இருந்த ஷூ யார் காசு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் செமஸ்டர் முடிந்து லீவுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அக்கா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். தனித்தேர்வராக பிளஸ் டூ எழுத விவரம் கேட்க டவுனுக்குப் போகவேண்டும் என்றாள்.

“கல்யாணம் பேசிட்டு இருக்கோம். இப்ப எங்கட்டி போற? போக வேண்டாம்,” என்றாள் அம்மா.

“போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துருதேம்மா.”

“போக வேண்டாம்னா வேண்டாம்,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். அக்கா பீடிச் சுளகைத் தூக்கி எறிந்தாள். இலையும் தூளும் வீடு முழுக்கப் பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. அப்பாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், நேருக்கு நேர் நின்று, நான் கேட்டே இராத ஒரு குரலில் கத்தினாள். “ஏலே! மூணு வருசம் நின்ன கால் நின்னபடி நூல் ஓட்டுனேன். எந் துட்டு எங்கல?”

பெற்ற அப்பாவை ‘ஏலே’ என்றால் அது நம்ம பிள்ளையாக இருக்குமா? தெருவே கூடிவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெண்ணின் பேரை யாரோ சொன்னார்கள். புளியமரத்தடியில் அக்கா நின்றதைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. இரண்டாம் நாள் பக்கத்து ஊர்க் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

உடுக்கை அடித்தார். வேப்பங்குழையால் அடித்தார். “தம்பி, நீ கையைப் பிடிச்சுக்க,” என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அக்காவின் இரண்டு கையையும் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான் நண்பர்களே.

“யாரு நீ? பேரச் சொல்லு!”

அக்கா தன் பேரைச் சொன்னாள்.

அடி விழுந்தது. “பொய் சொல்லாத! யாரு நீ?”

மறுபடியும் தன் பேரைத்தான் சொன்னாள். அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னாள். இன்னாருடைய மகள் என்றாள். மறுபடி அடி. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் தலை தொங்கிப்போய், மெதுவாக, அந்தக் கிணற்றில் செத்த பெண்ணின் பேரைச் சொன்னாள். கூட்டம் “ஆங்!” என்றது. கோடாங்கி சிரித்தார். அம்மா கும்பிட்டாள். பேய் ஒத்துக்கொண்டுவிட்டது!

சினிமாவில் கங்கா, தான் சந்திரமுகி என்கிறாள். எங்கள் அக்கா கடைசிவரை தான் தான்தான் என்றாள். நாங்கள்தான் நம்பவில்லை. ‘யார் நீ’ என்று ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டு, அவள் சொல்லும் பதிலை அடித்துத் திருத்தினோம்.

மெஸ் ஹாலில் நான் எழுந்து போனது இதனால்தான். பேய்க்குப் பயந்து இல்லை. அன்று பிடித்த பிடி என் கையில் இன்னும் இருக்கிறது.

* * *

இந்த விஷயம் சினிமா கண்டுபிடித்தது இல்லை. சினிமாவுக்கு முன்னாலேயே நம்மிடம் இருந்தது.

எங்கள் ஆச்சி நீலி கதை சொல்வாள். புருஷன் நம்பவைத்துக் கூட்டிவந்து வழியில் கொன்றுபோட்ட பெண் நீலி. பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் துரத்தி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுது நியாயம் கேட்டாள். அவர்கள் அவள் பேச்சை நம்பினார்கள். அவன் செத்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். எங்கள் பக்கம் இசக்கியம்மனுக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. கொலையானவளைத்தான் கும்பிடுகிறோம்.

ஆனால் மொழி என்ன சொல்கிறது? பொய்யாக அழுதால் ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோம். கொன்றவன் பேரில் ஒரு பழமொழியும் இல்லை. கொல்லப்பட்டவள் கண்ணீர்தான் பொய்க்கு உதாரணம்!

அதே பழையனூருக்குப் பக்கத்தில் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் முக்தி பெற்றதாகச் சொல்லப்படும் தலம். கணவன் விலகிப் போனபின், இந்த அழகு இனி யாருக்கு என்று பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். தன் பாடல்களில் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். அறுபத்து மூவரில் ஒருவர். அழகாக, அடக்கமாக இருந்தாக வேண்டிய வேலையிலிருந்து விடுதலை வாங்க ஒரு பெண்ணுக்குப் பேயுருதான் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீலி, அம்மையார், சந்திரமுகி, எங்கள் அக்கா. உயிரோடு, சொந்தக் குரலில் பேசினால் கேட்க ஆளில்லை. பேய் என்றால் ஊரே கூடிக் கேட்கிறது. அதுவும் ஓட்டுவதற்காகக் கேட்கிறது!

* * *

எல்லாப் படத்தையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ‘காஞ்சனா’வின் முதல் பாதியில் திருநங்கையின் நடையும் பேச்சும் நமக்குச் சிரிப்புக் காட்டப் பயன்பட்டதுதான். நடித்ததும் திருநங்கை இல்லை, சரத்குமார். ஆனாலும் பெற்றவர்கள் துரத்திவிட்ட காஞ்சனா, தன்னைப் போன்ற இன்னொருத்தியை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்த அந்தப் பகுதியில் தியேட்டரில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். மிஷ்கின் 2014-ல் எடுத்த ‘பிசாசு’வில் பெண் பேய் பழிவாங்கவே இல்லை, அன்பாக இருந்தது. 2015-ல் ‘மாயா’வில் நயன்தாரா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்கும் தாய். காசுக்காக, ஆளில்லாத தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பேய்ப்படம் பார்க்கத் துணிகிறாள். இப்படியும் எழுத முடிகிறதே!

படம் படம்தானே என்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ள யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசு மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் தெருவில் அன்று கூடியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் வெள்ளைப் புடவை, கொலுசு, புளியமரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே படித்தோம்?

* * *

பேய் பிடித்த பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அக்கா இப்போது டவுனில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைக்கிறாள். சாயங்காலம் படிக்கிறாள். இந்த வருடம் தனித்தேர்வராக எழுதப் போகிறாள். லீவில் ஊருக்குப் போனால் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். டிஃபரன்சியேஷனில் இரண்டு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள்.

போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அக்கா, அன்னைக்கு உனக்கு உண்மையிலேயே என்ன ஆச்சு?”

நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “எனக்கே தெரியலல. ஆனா சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான்.”

“நான் கையைப் பிடிச்சேனே...”

“ஆமா. வலிச்சுது.” கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த கணக்கப் போடு,” என்றாள்.

மன்னித்தாளா இல்லையா, தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுப்பதற்கு முன் அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். “உன் பேரைப் போடட்டுமா?” என்றேன். “இப்ப வேண்டாம். ரிசல்ட் வரட்டும். பாஸானா அடுத்த வருச மலர்ல போடு,” என்றாள்.

அடுத்த வருடம் நான் மூன்றாம் ஆண்டு. மலர்க் குழுத் தோழர்களே, எனக்கு அரைப் பக்கம் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மற்றபடி என்னை முருகேசன் என்றே கூப்பிடுங்கள், கோபமில்லை. பயப்படுவது ஆணுக்கு அவமானம் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். அடுத்த தடவை மெஸ் ஹாலில் அந்தக் கட்டில் காட்சி வரும்போது விசில் அடிப்பதற்கு முன், அவள் எங்கே போகக் கிளம்பினாள், யார் போக வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருக்கலாம்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை